அமரர் நலமாக இருக்கிறார்

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பாடாலூர் தாண்டினால் இரண்டு பக்கமும் கலர் கொடி கட்டிய மனைகள் வரத் தொடங்கும். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த கொல்லையில் கல் நட்டு, செம்மண் ரோடு போட்டு, வாசலில் வளைவு வைத்திருப்பார்கள். மனை வாங்கப் போகிறவர் பத்திர நகலைப் புரட்டினால் சில இடங்களில் நிலத்துக்காரர் கையெழுத்து இருக்காது. அவருக்காக அவருடைய பவர் ஏஜென்ட் போட்ட கையெழுத்து இருக்கும். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் எத்தனையோ வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். கிரையத்துக்கு ஒருமுறை விமானம் ஏறி வர முடியுமா? நடை தளர்ந்த பெரியவர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க நிற்க முடியுமா? பவர் என்கிற அதிகாரப் பத்திரத்தை ஏற்படுத்தியதே அவர்களுக்காகத்தான்.

நான் பேச வந்தது வேறொரு வகை நிலத்துக்காரரைப் பற்றி. ஏஜென்ட் கையெழுத்துப் போட்ட அன்று அவர் துபாயிலும் இல்லை, கயிற்றுக் கட்டிலிலும் இல்லை. கருமாதி முடிந்து, காக்கைக்குச் சோறு வைத்து, பங்காளிகள் தலைமுழுகிக் கலைந்து போயாயிற்று. ஆனாலும் பத்திரத்தில் அவர் முழு மனதோடு, பிறர் தூண்டுதல் ஏதுமின்றி, தன் நாலு ஏக்கரை விற்கிறார். ரொக்கம் முழுவதும் பெற்றுக்கொண்டதாகவும் ஒத்துக்கொள்கிறார். எந்தக் கையால் வாங்கினார் என்று சார்பதிவாளரும் கேட்பதில்லை, பத்திர எழுத்தரும் கேட்பதில்லை. நீண்ட ஆயுள் வேண்டுமென்று திருக்கடையூருக்குப் போய் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் யோசிக்க வேண்டும். அவ்வளவு செலவு தேவையில்லை. நம்பகமான ஆளுக்கு ஒரு ஜெனரல் பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், யமன் வந்து போன பிறகும் நீங்கள் கிரையம் கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

சட்டம் இந்த விஷயத்தில் குழப்பமே வைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 201-ஆம் பிரிவைப் பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்தாலும், அவருக்குச் சித்தம் பேதலித்தாலும், பவர் அத்தோடு முடிந்தது. ரத்துப் பத்திரம் எழுத வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், பேப்பரில் விளம்பரம் வேண்டாம். மூச்சு நின்ற நிமிஷத்தில் நிலம் வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. ஏஜென்ட் கையில் மிஞ்சுவது வெறும் முத்திரைத்தாள். அதில் அவர் கடலை மடிக்கலாம், நிலம் விற்க முடியாது.

ஆனால் அதே சட்டத்தில் 208-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பவர் முடிந்த செய்தி ஏஜென்டுக்குத் தெரியவரும் வரை அவரைப் பொறுத்தவரை அது முடியவில்லை. எதிரே வாங்குகிறவருக்குத் தெரியவரும் வரை அவரைப் பொறுத்தவரை முடியவில்லை. எழுதிய காலத்துக்கு அது நியாயமான ஏற்பாடு. சாவுச் சேதி கப்பலில் வந்து, ரயிலில் ஏறி, மாட்டு வண்டியில் இறங்கிய காலம் அது. விஷயம் தெரியாமல் நல்லெண்ணத்தில் பணம் கட்டியவரும் கிரையம் கொடுத்தவரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். இன்றைக்கு உயிர் போகுமுன்பே வாட்ஸாப் குழுவில் "ஆழ்ந்த இரங்கல்" விழுந்துவிடுகிறது. இருந்தும், தெரியாது என்ற ஒற்றைச் சொல் மட்டும் மாட்டு வண்டிக் காலத்து மரியாதையோடு அப்படியே இருக்கிறது.

நம் ஏஜென்டுக்கு எப்படித் தெரியாமல் போகும்? சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்தவரே அவர்தான். பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் தப்பட்டைக்கும் போன் போட்டது அவர். முக்கூட்டில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில், அமரருக்குக் கீழே கும்பிட்டபடி வரிசையாக நிற்கும் தலைகளில் முதல் தலை அவருடையது. அமரர் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் இருக்கும். "தங்கள் பிரிவால் வாடும்" என்று அதில் அச்சடித்திருக்கும். மாடு இழுத்தும் மழை கிழித்தும் அந்த பிளக்ஸ் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, அதே ஆள் ரிஜிஸ்தர் ஆபீஸில் உட்கார்ந்து அமரருக்காகக் கையெழுத்துப் போடுவார். நாளைக்குக் கோர்ட்டில் கூண்டேற்றிக் கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க ஐயா, அப்ப நான் வெளியூர்ல இருந்தேன்" என்பார்.

209-ஆம் பிரிவு இன்னும் விசேஷம். பவர் கொடுத்தவர் இறந்துபோனால், அவர் ஒப்படைத்து வைத்தவற்றை வாரிசுகளுக்காகப் பாதுகாக்கத் தேவையான எல்லாம் செய்ய வேண்டியது ஏஜென்டின் கடமை என்கிறது அது. நம்மவர் இதை மட்டும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிறார். பாதுகாக்கிறார். தன் மைத்துனன் பெயரில்.

இந்த மண்ணிலேயே ஏதோ இருக்கிறது போலும். அரியலூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து பிரித்துப் பெற்றெடுத்தார்கள். ஆட்சி மாறியது, 2002 மார்ச் 31 அன்று சாகடித்து மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். மறுபடியும் ஆட்சி மாறியது, 2007 நவம்பர் 23 அன்று எழுப்பி உட்கார வைத்தார்கள். மாவட்டமே செத்துப் பிழைத்த ஊரில் மனுஷன் பிழைக்கக் கூடாதா என்று ஏஜென்ட் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 12 கோடி ஆண்டுக்கு முன் செத்த மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது, 18 மீட்டர் நீளத்துக்கு. அரசாங்கம் சுற்றி வேலி போட்டு, அது தொல்லுயிர் எச்சம்தான் என்று பலகையும் வைத்திருக்கிறது. இரண்டு மாவட்டத்திலும் இறந்தது இறந்ததுதான் என்று அரசு சந்தேகமில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே ஜீவன் அந்த மரமாகத்தான் இருக்கும். நல்ல காலம், அது யாருக்கும் பவர் கொடுக்கவில்லை.

பதிவுத்துறை சும்மா இருந்ததென்று சொன்னால் பாவம். ஏஜென்ட் கிரையம் எழுத வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் உயிர்வாழ் சான்று வாங்கி வர வேண்டும், அதுவும் 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் வாங்கி வர வேண்டும்? ஏஜென்ட். பவர் கொடுத்தவர் செத்திருந்தால் யாருக்கு லாபம்? அந்தக் கேள்விக்கும் பதில் ஏஜென்ட்தான். திருடனையே அனுப்பி பூட்டுக்கடையில் ரசீது வாங்கி வரச் சொல்லும் ஏற்பாடு இது. அந்தச் சான்று என்பது என்ன? டாக்டர் லெட்டர்பேடில் நாலு வரி, ஒரு போட்டோ, குறுக்கே ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பெரியவர் டாக்டர் முன்னால் உட்கார்ந்தாரா, அல்லது அவர் போட்டோ மட்டும் உட்கார்ந்ததா என்பதை அந்தத் தாளைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. உண்மையாகவே வாங்கிய சான்றாக இருந்தாலும், முதல் வாரம் டாக்டர் நாடி பார்த்த கிழவர் இரண்டாம் வாரம் போய்ச் சேர்ந்தால், மிச்சமிருக்கும் நாட்களுக்கு அரசாங்கக் கணக்கில் அவருக்கு நாடி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதே அரசாங்கம் ஏழைக் கிழவியிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு இதைப் பாருங்கள். ரேஷன் கடையில் அரிசி வாங்க விரல் ரேகை விழ வேண்டும். நாற்பது வருஷம் களை பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? "பாட்டி, விழலை, நாளைக்கு வா." முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், அதிலும் உயிரோடுதான் இருக்கிறாளா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வார்கள். அரசு ஓய்வூதியர் ஆண்டுக்கொருமுறை தான் சாகவில்லை என்று நிரூபித்தாக வேண்டும். 2014-ல் அதற்கென்று ஜீவன் பிரமாண் என்று தனியாக ஓர் இணைய ஏற்பாடே வந்தது. ஆக, அரசு கொடுக்க வேண்டிய இடத்தில் கிழவி விரலோடும் கண்ணோடும் முகத்தோடும் வர வேண்டும். அரசு வாங்க வேண்டிய இடத்தில் அவள் வர வேண்டாம், அவளுக்குப் பதில் ஒரு துண்டுத் தாள் வந்தால் போதும். பத்து கிலோ அரிசிக்கு ஆள் வேண்டும், பத்து ஏக்கருக்கு வேண்டாம்!

அரசுக்கு அவர் செத்தது தெரியாதா? நன்றாகத் தெரியும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் சாவைப் பதிய வேண்டும். கிராமத்தில் அந்தப் பதிவேட்டை எழுதுவது கிராம நிர்வாக அலுவலர். சிட்டா, அடங்கல், பட்டா மாறுதல் என்று நிலத்தின் கதையையும் அவர்தான் பார்க்கிறார். அதாவது ஒரே நாற்காலியில், ஒரே மேஜையில், இடது கைப் பக்கம் சாவும் வலது கைப் பக்கம் நிலமும் இருக்கிறது. இறப்புச் சான்றை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். 2018 முதல் பத்திரப் பதிவும் இணையம் வழியே கம்ப்யூட்டரில்தான், ஸ்டார் 2.0 என்று அதற்கு ஆடம்பரமாகப் பெயர் வைத்தார்கள். இந்த இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. எந்த ஜென்மத்துப் பகையோ. இறந்தவர் பெயரை அடித்தால் அவர் கொடுத்த பவர் சிவப்பாக மாற வேண்டும் என்று ஒரு நிரல் எழுத எவ்வளவு செலவாகிவிடும்? பொது நிகழ்ச்சிக்குப் போடும் ஒரு பந்தல் செலவு ஆகுமா?

செலவுக்குப் பணமில்லை என்றும் சொல்ல முடியாது. 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் அசையாச் சொத்து தொடர்பான பவரைக் கட்டாயம் பதிய வேண்டும். குடும்பத்துக்கு வெளியே உள்ளவருக்குப் பவர் கொடுத்தால் முன்பு 10,000 ரூபாய் கட்டணம். 2023 ஜூலை 10 முதல் சொத்தின் சந்தை மதிப்பில் 1 சதவீதம். ஒரு கோடி நிலத்துக்கு ஒரு லட்சம். பவர் என்பது விற்பனை அல்ல, அதனால் சொத்துரிமை கைமாறாது என்று 2011 அக்டோபர் 11 அன்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. சொத்தே கைமாறாத காகிதத்துக்கு ஒரு சதவீதம் வசூல் செய்கிறீர்களே, அந்தக் காகிதத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பாவது அந்த ஒரு சதவீதத்தில் அடங்காதா? உயிரோடிருப்பவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, செத்த பிறகு அவரை ஏஜென்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதற்குப் பதிவுத்துறை என்ன, அவருக்குத் துரோகம் செய்ய நியமிக்கப்பட்ட இன்னொரு பங்காளியா?

உத்தரப் பிரதேசத்து ஆஸம்கரில் லால் பிஹாரி என்று ஒருவர். சொந்தக்காரர்கள் நிலத்தை எடுத்துக்கொள்வதற்காக அவரை அரசுக் கணக்கில் சாகடித்துவிட்டார்கள். தான் உயிரோடிருப்பதாக நிரூபித்து 1994-ல் மறுபடி பெயர் ஏறுவதற்குள் ஒன்றரை மாமாங்கம் போய்விட்டது. நடுவில் பெயரோடு "மிருதக்", அதாவது இறந்தவர் என்று சேர்த்துக்கொண்டு, தன்னைப் போன்றவர்களுக்குச் சங்கமே வைத்தார். வடக்கே இருப்பவனைச் சாகடித்துப் பிடுங்குகிறார்கள். நாம் ஜீவகாருண்யம் உள்ளவர்கள். செத்தவனை உயிர்ப்பித்துப் பிடுங்குகிறோம். ஆனால் லால் பிஹாரியால் தன் கேஸைத் தானே நடத்த முடிந்தது. நம் ஊர் அமரர் எழுந்து வந்து நான் செத்துவிட்டேன் என்று மனு கொடுக்க முடியாது.

ஏஜென்ட் என்றதும் யாரோ ரியல் எஸ்டேட் புள்ளி, வெள்ளைச் சட்டை, தங்கச் சங்கிலி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பல வீட்டில் ஏஜென்ட் மூத்த மகன்தான். அப்பா நடமாட முடியாமல் போனதும் பாங்கு வேலைக்கும் பட்டா வேலைக்கும் என்று சொல்லி பவர் எழுதி வாங்கிக்கொள்கிறார். அப்பா போன பிறகு முறையாகச் செய்வதென்றால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்க வேண்டும். அதில் அம்மா பெயர் வரும், அக்கா தங்கச்சி பெயர் வரும். மகளுக்கும் பிதுரார்ஜித சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்த மாநிலம். அந்தப் பெருமையை மேடையில் கேட்டுக் கை தட்டுவார்கள். வீட்டுக்குள் நடக்கிற பேச்சு வேறு. "வாரிசுன்னு போனா பொட்டப் புள்ளைங்க எல்லாம் வந்து கையெழுத்துப் போடணும். ஆளுக்கொரு பங்கு கேக்கும். அதான் அப்பா பவரு இருக்குல்ல, அதுலயே முடிச்சுடுவோம்டா." அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்ட கை அது. எட்டாம் துக்கத்துக்கு வந்து அழுதுவிட்டுப் போன தங்கச்சிக்கு, ஒரு நாள் யாரோ சொல்லித்தான் கொல்லை போன விஷயம் தெரிகிறது. அண்ணனைக் கேட்டால், "உனக்குச் சீர் செஞ்சாச்சுல்ல" என்பார். அந்த வீட்டுப் பெரியவர்களும் தலையாட்டுவார்கள். திருட்டுக்கு ஊரில் மரியாதையான பெயர் வைக்க வேண்டுமானால் குடும்ப விவகாரம் என்று வைத்துவிடலாம்.

"அதெல்லாம் சாதாரண பவருக்குத்தான் சார். இது ரத்து செய்யவே முடியாத பவர், வாரிசையும் கட்டுப்படுத்தும்னு எழுதியிருக்கு பாருங்க" என்று விரல் வைத்துக் காட்டும் பத்திர எழுத்தர்கள் உண்டு. 202-ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் உரிமையோ பாத்தியதையோ இருந்தால், பவர் கொடுத்தவர் இறந்தாலும் அது முடியாது. சட்டமே உதாரணம் தருகிறது: எனக்கு நீ கடன் பட்டிருக்கிறாய், உன் நிலத்தை விற்று அந்தக் கடனை எடுத்துக்கொள் என்று எனக்குப் பவர் கொடுத்தாய், நீ செத்தாலும் அது நிற்கும். கமிஷன் வரும் என்ற ஆசை பாத்தியதை ஆகாது. தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டாலும் ஆகாது.

இதை 2025 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்லிற்று. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன். இரண்டாமவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். பெங்களூரு நிலம் அது. 1986-ல் உரிமையாளர் ஒருவருக்குப் பவரும், பதியாத கிரய ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்தார். 1997 ஜனவரி 30 அன்று உரிமையாளர் இறந்தார். 1998 ஏப்ரல் 1 அன்று, ஆம், முட்டாள்கள் தினத்தில், பவர் வைத்திருந்தவர் அந்த நிலத்தைத் தன் சொந்த மகனுக்குக் கிரையம் செய்து பதிந்தார். ரத்து செய்ய முடியாதது என்ற வார்த்தை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது, பவரின் தன்மையைப் பார்க்க வேண்டும், இதில் பாத்தியதை இல்லை, உரிமையாளர் இறந்ததும் பவர் முடிந்தது, அந்தக் கிரையம் செல்லாது என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. 1998 எங்கே, 2025 எங்கே! பவருக்குச் சாவு ஒரு நொடியில் வந்துவிடுகிறது. அதைக் கோர்ட் ஒப்புக்கொள்ள 27 ஆண்டு ஆகிறது.

அத்தனை ஆண்டு அலைய வேண்டாம், மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்தில் 77-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. விழா எடுத்து ஆணைகள் கொடுத்தார்கள். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று அடித்துவிட்டது. சொத்துரிமையைத் தீர்மானிக்க வேண்டியது சிவில் கோர்ட், பதிவாளர் அல்ல. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தங்கச்சிக்கு மிஞ்சியது என்ன? பத்திரத்தைப் பதிய அரை நாள். அதை உடைக்க அரை ஆயுள். பொய் சொல்லிப் பதிந்தால் பதிவுச் சட்டம் 82-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அந்தப் பிரிவைச் சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் எழுதி வைத்தாலாவது புண்ணியம்.

அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்துக்காரர்களுக்கு இந்தக் காலக் கணக்கெல்லாம் பழக்கம். பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் தயாரிக்கிறோம் என்று தொண்ணூறுகளில் நிலத்தைக் கையகப்படுத்தினார்கள். நிலக்கரி பூமிக்குள்ளேயே தூங்குகிறது, மின்சாரமும் வரவில்லை. கூடுதல் இழப்பீடு கேட்டுக் கோர்ட்டுக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் நடந்தே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இங்கேயும் அதே விதிதான். கட்சிக்காரர் இறந்தால் அவர் கொடுத்த பவரும் முடிந்தது, வக்காலத்தும் முடிந்தது. சாதாரண சிவில் வழக்கில் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போடாவிட்டால் வழக்கே விழுந்துவிடும். நிலத்தை எடுத்த அரசுக்கு எதிராக நிற்கும் கிழவர் செத்தால் நாள் எண்ணுகிறது சட்டம். அதே கிழவர் பெயரில் நிலத்தை விற்க ஏஜென்ட் வந்தால் மட்டும் ஒருவரும் நாள் எண்ணுவதில்லை.

இந்த அரசாங்கம் இறப்புப் பதிவையும் பத்திரப் பதிவையும் இணைக்கும் வரை காத்திருக்க முடியாது. அதனால் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஏஜென்ட் கையெழுத்தில் வரும் நிலமென்றால், அவர் காட்டும் சான்றை ஓரமாக வைத்துவிட்டு, நிலத்துக்காரர் ஊருக்கு நீங்களே போங்கள். டீக்கடையில் பெயர் சொல்லி விசாரியுங்கள். "அவரா, பாவம்" என்று ஆரம்பித்தால் அட்வான்ஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

சாவு நடந்த வீட்டாருக்கு, முக்கியமாக அந்த வீட்டுப் பெண்களுக்கு: இறப்புச் சான்று கைக்கு வந்த அன்றே நகல் எடுங்கள். பவர் பதிந்த சார்பதிவாளர் அலுவலகத்திலும், நிலம் இருக்கும் எல்லையின் அலுவலகத்திலும் ஒரு கடிதத்தோடு கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை போட்டு வாங்குங்கள். போட மாட்டேன் என்றால் தபாலில் அனுப்புங்கள். மாதம் ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் அண்ணனாகவே இருந்தாலும், கருமாதிக்குப் பத்திரிகை அடிக்கும்போது, அப்பா இறந்த தேதியைக் குறிப்பிட்டு அவருக்கும் ஒன்று ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அவர் கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். தெரியாது என்று சொல்ல அப்புறம் அவருக்கு வழி இருக்காது.